சாறம் கட்ட ஆறு மாதம்: பாரிசவாதத்துக்குப் பிறகு வீட்டில் பராமரிப்பு, ஒரு முழுமையான வழிகாட்டி

அப்பா வாட்டிலிருந்து வீட்டுக்கு வந்து மூன்றாவது கிழமை. வலது கையும் காலும் இழுத்துப்போட்டது. வாயிலிருந்து "ஓம்" என்ற ஒரு சொல்தான் வரும். ஓமென்றாலும் "ஓம்", இல்லையென்றாலும் "ஓம்". கனடாவில் அண்ணா, லண்டனில் அக்கா, யாழ்ப்பாணம் கோண்டாவிலில் அம்மாவும் நானும் வட்ஸ்அப்பில் கூடிக் கதைத்து, அவரை நடக்க வைப்பதுதான் முதல் வேலை என்று முடிவெடுத்திருந்தோம். அவரோ இடது கையால் இடுப்பைத் தொட்டுத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். நோகுதாக்கும் என்று தைலம் பூசினோம். சலம் வருகுதாக்கும் என்று போத்தலை நீட்டினோம். போத்தலைத் தட்டிவிட்டார். நாலாம் நாள் அம்மாதான் பிடித்தார்: "மனுசனுக்குத் தானே சாறம் கட்டவேணுமாம். நான் கட்டிவிடுறது பிடிக்கேல்லை."

நாங்கள் அவரிடம் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதற்குப் பிறகு நான் படித்ததும் பட்டதும்தான் கீழே உள்ளவை. நான் வைத்தியர் அல்ல. மருந்து, விழுங்குதல், நடை பற்றிய முடிவுகளை உங்கள் நோயாளியைப் பார்த்த வைத்தியரும் சிகிச்சையாளருமே எடுக்கவேண்டும்.

முதலாம் படி: வாட்டில் இருக்கும்போதே கேட்கவேண்டியவை

மூளையின் எந்தப் பக்கம், இரத்தக்குழாய் அடைப்பா, இரத்தக் கசிவா என்பதைக் கேட்டு எழுதிவையுங்கள். பெரும்பாலானவை அடைப்புத்தான். பக்கம் ஏன் முக்கியம் என்றால், பிறகு வீட்டில் காணப்போகும் பல "குணங்கள்" அதில்தான் தங்கியிருக்கின்றன. பெரும்பாலானோருக்குப் பேச்சு இடது மூளையில். அதனால் வலப்பக்கம் இழுத்தவர்களில் பலருக்குப் பேச்சும் போகும். வலது மூளை பாதித்தால் பெரும்பாலும் பேச்சு வரும், ஆனால் சிலர் இடப்பக்க உலகமே இல்லாததுபோல் நடப்பார்கள். எங்கள் ஒழுங்கையில் ஒரு மாமி பீங்கானில் வலது பாதிச் சோற்றை மட்டும் தின்றுவிட்டு, "கறி வைக்கேல்லையோ?" என்று மருமகளோடு சண்டை பிடிப்பார். பீங்கானைத் திருப்பி வைத்தால் மிச்சத்தையும் தின்பார். அது பிடிவாதமும் இல்லை, கண் பழுதும் இல்லை. மூளை அந்தப் பக்கத்தைக் கவனிக்க மறக்கிறது.

அடுத்து, விழுங்கும் திறனைச் சோதித்தாயிற்றா என்று கேளுங்கள். சோதிக்குமுன் ஒரு மிடறு தண்ணீரும் கொடுக்கவேண்டாம். பார்க்க வரும் சொந்தங்கள் வாயில் தேத்தண்ணி பருக்குவதுதான் வாட்டில் நடக்கும் பெரிய ஆபத்து. உணவு நுரையீரலுக்குள் போனால் நியூமோனியா.

ஒரு தாளில் அந்த மனிதரைப் பற்றி எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டுங்கள்: வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிடுவது, கண்ணாடி போடுவாரா, எந்தக் காது மந்தம், எந்தக் கை வழக்கம், என்ன வேலை செய்தவர், எதற்குச் சிரிப்பார். தாதிமாருக்கு வாட்டில் ஐம்பது பேர். "பதினேழாம் கட்டில்" என்பதைவிட "தபால்காரர் ஐயா" என்பது சுலபமாக மனதில் நிற்கும்.

"எழுப்பி நடக்க வையுங்கோ, கிடந்தால் முடமாகிப் போவார்" என்று எல்லோரும் அவசரப்படுத்துவார்கள். 2015இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆவேர்ட் ஆய்வு 5 நாடுகளில் 2104 நோயாளிகளைப் பார்த்தது. முதல் 24 மணித்தியாலத்துக்குள்ளேயே கடுமையாக, அடிக்கடி எழுப்பி நடமாட வைத்தவர்கள், வழமையான கவனிப்புப் பெற்றவர்களைவிடக் குறைவாகவே தேறினார்கள். ஆகவே முதல் நாளில் வீரம் வேண்டாம். அதற்குப் பிறகு சிறிது சிறிதாக, நாளில் பல தடவை. எப்போது தொடங்குவது என்பதை வாட்டில் உள்ளவர்கள் சொல்வார்கள்.

இன்னொன்று. அப்பாவின் கட்டிலருகே நின்று ஒருவர், "இவர் இனி எழும்பமாட்டார்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். எந்த இடம், யார் என்பது இங்கே வேண்டாம். பேச்சுப் போனவருக்குக் காது போகவில்லை. அன்றிரவு அப்பா சாப்பிடவில்லை. யாராவது அப்படிக் கதைக்கத் தொடங்கினால், "வெளியில வந்து சொல்லுங்கோ" என்று கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.

இரண்டாம் படி: வீட்டுக்கு வருமுன் வீட்டைப் பாருங்கள்

எங்கள் வீடுகள் பாரிசவாதக்காரருக்காகக் கட்டப்பட்டவை அல்ல. வாசலில் இரண்டு படி, அறைக்கு அறை நிலைப்படி, வளவின் பின்பக்கத்தில் மலகூடம், கிணற்றடியில் பாசி. கட்டிலிலிருந்து மலகூடம்வரை நீங்களே ஒருமுறை ஒரு காலை இழுத்து, ஒரு கையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு நடந்து பாருங்கள். எங்கே பிடிக்கக் கை தேடுகிறதோ அங்கே கைபிடி. பிடியை நல்ல கைப் பக்கத்தில் பூட்டவேண்டும். எங்கள் மேசன் முதலில் மாறிப் பூட்டிவிட்டார், இடித்துத் திரும்பப் பூட்டினோம்.

கட்டிலில் இருந்தால் பாதம் முழுதும் நிலத்தில் படவேண்டும். பதிவாக இருந்தால் கால்களுக்குக் கீழே கட்டை வைத்து உயர்த்துங்கள். குந்தியிருக்கும் மலகூடம் என்றால் துவாரமுள்ள கொமட் கதிரை ஒன்று தேவை. பின்வார் இல்லாத செருப்பைத் தூக்கி எறியுங்கள். கால்மிதி, மடங்கும் பாய் எல்லாவற்றையும் சுருட்டிவிடுங்கள். இரவில் சிறிய லைற் ஒன்று எரியட்டும்.

சக்கர நாற்காலி, மின்கட்டில் என்று வெளிநாட்டிலிருந்து காசு வரும்போது அவசரப்பட்டு வாங்காதீர்கள். முதல் மாதத்தில் தேவைப்படுவது நான்காம் மாதத்தில் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். இரவல் எடுங்கள். யாழ்ப்பாணத்தில் செயற்கைக் காலுக்குப் பேர்போன ஜெய்ப்பூர் நிறுவனத்தில் நடமாடும் உபகரணங்கள் பற்றியும் கேட்கலாம். பிரதேச செயலகத்தில் இருக்கும் சமூக சேவை உத்தியோகத்தரைப் பார்ப்பதும் வீண்போகாது. உதவிக் கொடுப்பனவுக்குக் கிராம அலுவலர் ஊடாக விண்ணப்பிக்க வைத்தியச் சான்றிதழ் வேண்டும். துண்டு வெட்டும் நாளிலேயே, அதாவது வாட்டிலிருந்து வீட்டுக்கு விடும் நாளிலேயே, அதைக் கேட்டுவிடுங்கள்.

துண்டு வெட்டுமுன், கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்றுவதை இயன்மருத்துவர் முன்னிலையில் நீங்களே செய்து காட்டுங்கள். பார்த்துப் பழகுவது போதாது. முறை இதுதான்: கதிரையை நல்ல பக்கத்தில் சற்றுச் சரிவாக வைத்து, பிரேக் போடுங்கள். அவர் கட்டில் விளிம்புக்கு வரட்டும், பாதங்கள் முழங்காலுக்குச் சற்றுப் பின்னே. முன்னே குனியவேண்டும், மூக்கு முழங்காலைத் தாண்டும் அளவுக்கு. பயத்தில் எல்லோரும் பின்னே சாய்வார்கள், அப்போதுதான் விழுவது. நீங்கள் பலவீனமான பக்கத்தில் நின்று, உங்கள் முழங்காலால் அவரின் முழங்காலுக்கு முட்டுக்கொடுத்து, இடுப்புப் பட்டியைப் பிடித்துத் தூக்குங்கள். கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. செத்த தோளின் மூட்டு இலகுவில் இறங்கிவிடும். பிறகு மாதக்கணக்காக நோகும், அந்த நோவால் பயிற்சியே நின்றுபோகும். வரும்போதெல்லாம் "எழும்புங்கோ அண்ணை" என்று கையைப் பிடித்து இழுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு இதை முகம் பார்க்காமல் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: முதல் ஆறு கிழமை

இந்தக் காலத்தில் தேவை பெரும்பாலும் உடம்பினது. படுக்கையில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள், இரவிலும். குதிக்கால், இடுப்பு, முதுகின் கீழ்ப்பகுதி சிவந்திருக்கிறதா என்று குளிப்பாட்டும்போது பாருங்கள். அழுத்தினாலும் மாறாத சிவப்புத்தான் படுக்கைப்புண்ணின் தொடக்கம். செத்த கையைத் தலையணையில் தூக்கி வையுங்கள், தொங்கவிடாதீர்கள். உணர்ச்சியில்லாத கை காலுக்குச் சுடுதண்ணி ஒத்தடம் கொடுக்கவேண்டாம். வெந்தாலும் அவருக்குத் தெரியாது.

சாப்பாட்டில் எங்கள் ஊருக்கென்று சில பொறிகள் உண்டு. புட்டு உதிர்ந்து தொண்டையில் சிதறும், விழுங்கக் கஷ்டப்படுபவருக்கு அது ஆகவே ஆகாது. சோறும் ரசமும்போல் நீரும் திண்மமும் கலந்தவையும் கஷ்டம்: நீர் முந்தி ஓடும், சோறு பிந்தி வரும். சொதியில் நன்றாக ஊறி மசிந்த இடியப்பம், கெட்டியான கஞ்சி போன்றவை பலருக்கு இறங்கும். வெறும் தண்ணீர்தான் சிலருக்கு எல்லாவற்றிலும் ஆபத்தானது. எவ்வளவு தடிப்பாகக் கொடுப்பது என்பதைப் பேச்சுச் சிகிச்சையாளரிடம் கேளுங்கள். பேச்சுச் சிகிச்சையாளருக்கு விழுங்குதலும் வேலைதான் என்பது எங்களுக்கு முதலில் தெரியாது. நிமிர்ந்து இருத்தி, தேக்கரண்டி அளவில், ஒரு வாய் இறங்கியபின் மறுவாய். முடிவில் பலவீனமான கன்னத்துக்குள் சோறு தங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சாப்பிட்டு அரை மணித்தியாலம் படுக்கவிடாதீர்கள். சாப்பிடும்போது இருமினால், குரல் தண்ணிக்குள் கதைப்பதுபோல் மாறினால், பின்னேரம் காய்ச்சல் காய்ந்தால் உடனே வைத்தியரிடம்.

உடுப்புப் போடும்போது பலவீனமான கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில். பொல்லு நல்ல கையில். இந்த மூன்றையும் அம்மா கலண்டர் மட்டையில் எழுதிச் சுவரில் தொங்கவிட்டார்.

நான்காம் படி: என்ன வேணும் என்று கேட்பது

பேச்சு வராதவரிடம் எப்படிக் கேட்பது? முதலில், அவருக்குப் புத்தி போகவில்லை என்று நம்புங்கள். குழந்தையோடு கதைப்பதுபோல் கொஞ்சிக் கதைக்கவேண்டாம். ரி.வி.யை நிற்பாட்டுங்கள். முன்னால் இருந்து, சின்ன வசனமாக, ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. கேட்டுவிட்டு மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள். எங்களுக்கு இரண்டிலேயே பொறுமை போய்விடும். "ஓம்" மட்டும் வருபவரிடம் அதை நம்பாமல், ஓமுக்குப் பெருவிரல் மேலே, இல்லைக்குக் கீழே என்று பழக்குங்கள். பிறகு கேள்வியை மாற்றிக் கேட்டு உறுதிசெய்யுங்கள்: "வெளியில போகவேணுமோ?" ஓம். "வீட்டிலதான் இருக்கப்போறீங்களோ?" இல்லை. அப்போது சரி. வீட்டின் மூலை முடுக்குகளை, ஆட்களை, கோவிலை, சங்கக்கடையைப் போனில் படமெடுத்து வையுங்கள். அவர் விரலால் காட்டுவார்.

அப்பாவுக்கு "என் பெயர்" என்ற இரண்டு சொல்லும் வரவில்லை. ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை அம்மா விளக்கேற்றித் தேவாரம் தொடங்க, இரண்டாம் அடியிலிருந்து அப்பா கூடச் சேர்ந்து பாடினார், சொல் பிசகாமல். அம்மா பாதியில் நிற்பாட்டிவிட்டு அழுதார், அவர் மட்டும் தொடர்ந்து பாடினார். அதிசயம்தான், ஆனால் வைத்தியத்துக்குப் புதிதல்ல. பாட்டு, எண்ணுதல், கிழமை நாட்கள், திட்டு வார்த்தைகள் போன்று வாய்ப்பாடாகிப்போனவை பேச்சு போனபிறகும் பலரிடம் மிஞ்சும். பேச்சுப் பயிற்சிக்கு அது ஒரு நல்ல வாசல். பேச்சு முழுதும் திரும்பிவிட்டது என்று கனடாவுக்குப் போன் எடுத்துவிடாதீர்கள். நாங்கள் எடுத்தோம்.

கேட்டது கிடைத்ததும் அதைத் துண்டு துண்டாக்கவேண்டும். சாறம் கட்டுவதையே எடுங்கள். ஒருவரும் பிடிக்காமல் கதிரையில் நேராக இருக்கவேண்டும். குனிந்து சாறத்தைக் கால்களுக்கூடாக ஏற்றவேண்டும், பலவீனமான கால் முதலில். எழும்பி நிற்கவேண்டும். ஒரு கையில் சாறம் இருக்கும்போது எதையும் பிடிக்காமல் சமநிலை காக்கவேண்டும். கடைசியில் ஒற்றைக் கையால் மடித்துச் செருகவேண்டும். இயன்மருத்துவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, "இதுக்குள்ள நான் குடுக்கிற பயிற்சி எல்லாம் இருக்குது" என்றார். அதுவரை "பத்துத்தரம் எழும்பி இருங்கோ" என்றால் முகத்தைத் திருப்பிய மனிதர், சாறத்துக்காக இருபதுதரம் எழும்பினார்.

முதலில் இலாஸ்ரிக் வைத்துத் தைத்துக் கொடுத்தோம். இரண்டு மாதம் உடுத்தார். பிறகு தானே ஒரு வழி கண்டுபிடித்தார்: சுவர் மூலையில் முதுகைக் கொடுத்து நின்று, சாறத்தின் ஒரு நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு, மற்ற நுனியை இடது கையால் இழுத்து மடித்து, இடுப்பில் செருகிவிட்டு வாயை விடுவார். எந்தப் புத்தகத்திலும் இது இல்லை. ஆறாம் மாதம் அது அவிழாமல் விறாந்தைவரை வந்தது.

பயிற்சி எவ்வளவு நேரம் என்ற கேள்விக்கு, பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டல் எல்லாச் சிகிச்சையும் சேர்த்து நாளுக்குக் குறைந்தது 3 மணித்தியாலம், கிழமைக்குக் குறைந்தது 5 நாள் என்கிறது. லண்டன் அக்கா அதை அனுப்பிவிட்டு, "ஏன் அங்க செய்யேல்லை?" என்று கேட்டார். எங்களுக்குக் கிடைத்தது கிழமைக்கு ஒரு நாள் கிளினிக். மிச்சத்தை வீட்டு வேலையால்தான் நிரப்பவேண்டும்: வெங்காயம் உரிக்கும்போது செத்த கையால் அமத்திப் பிடிப்பது, உடுப்பு மடிப்பது, பேப்பர் புரட்டுவது. ஆனால் களைப்பைப் பாருங்கள். பாரிசவாதத்துக்குப் பின் வரும் களைப்பு, நித்திரை கொண்டாலும் தீராத வகை. கடினமானதைக் காலையில் வையுங்கள்.

ஐந்தாம் படி: மூன்றாம் மாதத்தில் திரும்பவும் கேளுங்கள்

முதல் மூன்று மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், பிறகு மெல்லமாகும். நின்றுவிடாது. வருடங்கள் கழித்தும் தேறுபவர்கள் உண்டு. ஆனால் வேகம் குறையும் இந்த இடத்தில்தான் மனம் உடையும். பாரிசவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. சாப்பாடு வேண்டாம், ஆட்கள் வேண்டாம், விடிய நாலு மணிக்கு முழிப்பு என்று இரண்டு கிழமை தொடர்ந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள், மருந்து உண்டு. காரணமில்லாமல் அழுவதும் சிரிப்பதும் வேறு. செத்தவீட்டில் அப்பா சிரித்துவிட்டார். வந்தவர்களுக்கு நான் விளக்கம் சொல்லவேண்டியிருந்தது. அதுவும் மூளையின் வேலைதான். அந்த நேரம் கதையை மாற்றினால் அடங்கும்.

கேட்கும்போது இப்போது வேறு பதில் வரும். எங்கள் வீட்டில் வந்தது: "ஊட்டவேண்டாம்." அம்மா குழைத்து ஊட்டியது முதல் மாதத்தில் தேவை, நான்காம் மாதத்தில் தடை. சிந்தினால் சிந்தட்டும் என்று விடுவது அம்மாவுக்குத்தான் கஷ்டமாக இருந்தது. விளிம்பு உயர்ந்த கோப்பையும், வழுக்காமல் அதன் கீழே விரித்த ஈரத் துணியும் போதும்.

தேவை எப்போதும் குறைந்துகொண்டே போகும் என்று நினைக்காதீர்கள். கை விறைத்து மடங்கத் தொடங்கலாம். தோள் நோகலாம். காலநிலையும் கணக்கில் வரும்: ஆனியில் தனியே மலகூடம் போனவர் ஐப்பசி, கார்த்திகை மழையில் முற்றச் சேற்றில் வழுக்கினார். மாரிக்கு முன்பே கொமட் கதிரையைத் திரும்ப அறைக்குள் கொண்டுவந்திருக்கவேண்டும்.

கட்டிலறை பற்றிய கேள்வியும் இந்தக் காலத்தில்தான் வரும். யாரும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். கணவன் மனைவி திரும்பச் சேரலாமா என்று வைத்தியரிடம் தனியே கேட்க அவர்களுக்கு இடம் கொடுங்கள். பிள்ளைகள் வெளியே நில்லுங்கள்.

பராமரிப்பவரிடமும் கேளுங்கள். அம்மாவுக்கு இடுப்பு போனது ஐந்தாம் மாதம். நான் கேட்டபோது அவருக்கு வேண்டியிருந்தது ஒரேயொரு விஷயம்: வெள்ளிக்கிழமைகளில் இரண்டு மணித்தியாலம் கோவிலுக்குத் தனியே போய் வருவது. காசு அனுப்பும் அண்ணா மாதத்தில் நாலு வெள்ளிக்கும் ஆள் பிடிக்கக் காசு அனுப்பினார். அதுதான் அவர் செய்த நல்ல உதவி.

ஆறாம் படி: இரண்டாவது வராமல்

பாரிசவாதம் வருபவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு அது முதல் தடவை அல்ல. பிரஷர்தான் முதல் எதிரி. வைத்தியர் வேறு அளவு சொல்லாவிட்டால் பலருக்கு 130/80க்குக் கீழ்தான் இலக்கு. வீட்டில் அளந்து கிளினிக் கொப்பியில் எழுதுங்கள். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய் மூன்றும் ஒரே பீங்கானில் இருந்தால் கணக்கு அங்கேயே முடிந்தது.

வெளிநாட்டிலிருந்து வரும் குளிசைப் பெட்டியைக் கவனியுங்கள். பெட்டியின் பெயர் வேறு, உள்ளே மருந்து ஒன்று. இங்கே கொடுத்ததும் அங்கே அனுப்பியதும் ஒரே மருந்தாகி இரட்டை அளவு விழுங்கியவர்கள் உண்டு. இரத்தம் உறையாமல் தடுக்கும் வாபரின் எடுப்பவர்கள் முருங்கையிலை, பொன்னாங்காணி போன்ற இலைக்கறிகளை விடவேண்டியதில்லை. கிழமைக்குக் கிழமை அளவை மாற்றாமல் சாப்பிடவேண்டும். நாட்டு மருந்து எடுத்தால் கிளினிக்கில் மறைக்காதீர்கள். சுகமாகிவிட்டது என்று குளிசையை நிற்பாட்டாதீர்கள்.

முகம் கோணினால், கை தொய்ந்தால், பேச்சுக் குழறினால் உடனே 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள். கடைசியாக நல்லாக இருந்த நேரத்தைக் குறித்துச் சொல்லுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணித்தியாலம்தான் அவகாசம், அதற்குள் சி.ரி. ஸ்கானும் எடுத்தாகவேண்டும். தண்ணீர் பருக்கவேண்டாம். அஸ்பிரினும் வேண்டாம், கசிவாக இருந்தால் அது கேடு.

ஏழாம் படி: படலைக்கு வெளியே

ஓட்டோவில் ஏறும்போது முதலில் பின்புறத்தை இருக்கையில் வைத்து, பிறகு கால்களை உள்ளே எடுக்கவேண்டும். கோவிலுக்குத் திருவிழா நாளில் அல்ல, சாதாரண நாளில் மத்தியான வேளையில் கூட்டிப்போய்ப் பழக்குங்கள். மோட்டார் சைக்கிள், கார் ஓடுவதற்கு வைத்தியர் ஓமென்று சொல்லவேண்டும். கால் தேறியிருந்தாலும் ஒருபக்கப் பார்வை குறைந்திருக்கலாம்.

வருடம் ஒன்றானபோது திரும்பக் கேட்டோம். அப்பா போனில் படங்களைத் தள்ளித் தள்ளிப் போய், கிணற்றடி வாழையில் விரலை வைத்தார். வாழை பார்க்கவோ என்றோம். பெருவிரல் கீழே. தண்ணி விடவோ? கீழே. குட்டி பிரித்து நடவோ? மேலே. ஒற்றைக் கையால் மண்வெட்டி பிடிக்கமுடியாது. குட்டைப்பிடி அலவாங்கு ஒன்றும், வாழைப் பாத்தியருகே புதையாமல் நிற்கப் பலகை அடித்த கதிரையும் வேண்டும். பலகை அடித்தாயிற்று, அலவாங்குக்குக் கொல்லனிடம் சொல்லியிருக்கிறோம்.